விளக்கு எரியாத பட்டறை

மாலை போட்ட வண்டியின் முன்னால் நின்று யாரும் குறை பேசக் கூடாது. பெரியகாட்டார் பட்டறையில் முதலாளி சென்னியப்பனின் தகப்பனார் நாளிலிருந்து வந்த ஒழுங்கு அது. கரூரில் பஸ்ஸுக்கு உடல் கட்டும் பட்டறைகள் எத்தனையோ உண்டு. கட்டி முடித்த வண்டியைக் கல்யாணப் பெண்ணைப் போல நடத்திய பட்டறை அது ஒன்றுதான். வண்டி வெளியேறும் நாளில் கண்ணாடிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, முகப்பில் சம்பங்கி மாலையைச் சாத்திய பிறகு, கதவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே என்று எவனாவது முனகினாலும் போதும். மணவறையில் வைத்துப் பெண்ணைப் பழித்ததற்குச் சமம் அது. சொன்னவனை அந்த வீட்டார் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

குறையை மாலை விழும் முன் சொல்லிவிட வேண்டும். அதற்கும் ஒரு முறை இருந்தது. சென்னியப்பனுக்குக் கிசுகிசு பிடிக்காது. காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் ஷெட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். குறை கண்டவன் முன்னால் வந்து உரக்கச் சொல்ல வேண்டும். "யார் செஞ்ச வேலை?" என்று அவர் கேட்பார். பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவனும் முன்னால் வந்து நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு சொல் இல்லை, ஒளிவு மறைவு இல்லை. இவ்வளவு நேராகத் தொழில் நடத்துகிறவன் இந்த ஜில்லாவில் யார் என்று அவர் மீசையைத் தடவிக்கொள்வார். வருஷக்கணக்காக யாரும் முன்னால் வரவில்லை. தம் பட்டறையில் குறையே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது, முதல் ஓட்டம். மாலை போட்ட வண்டியில் முதலில் ஏறுவது பெரியகாட்டார் குடும்பம். பெண்டு பிள்ளைகளோடு ஏறிக் கோயில் வரை போய்த் திரும்பிய பிறகுதான் வண்டியை வாங்கியவர் கையில் சாவி போகும். எங்கள் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்த வண்டி என்று சொல்லிக் கொடுப்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நிமிர்வு.

முள் வந்த பிறகு முதல் ஓட்டம் நின்று போயிற்று.

முள்ளைக் கொண்டு வந்தவள் அவருடைய ஒரே மகள் இளமதி. சென்னையில் படித்தவள். பேருந்து அதிபர் தங்கவேலுவின் வீட்டுக்கு மருமகளாகப் போயும், தகப்பன் பட்டறையின் கணக்கையும் மிசின்களையும் அவளே பார்த்து வந்தாள். ஒரு நாள் கைக்கடிகாரப் பட்டை போன்ற ஒன்றை மேசையில் வைத்தாள். நடுவில் மிளகளவு ஒரு விளக்கு. உள்பக்கம் தோலில் படும் இடத்தில் நெல்முனை போல ஒரு கூர். அந்தக் கூரைப் பார்த்துத்தான் தொழிலாளிகள் பின்னால் அதற்கு முள் என்று பெயர் வைத்தார்கள்.

"மனசாட்சிய மிசின் அளக்குமாக்கும்?" என்றார் சென்னியப்பன்.

"மனசாட்சிய அளக்காதுங்கப்பா. தப்புன்னு மனசுல பட்டதைக் கை செய்யறப்ப ஒடம்பு ஒரு நொடி பின்வாங்கும். நமக்கே தெரியாது. அந்தப் பின்வாங்கலை இது பிடிச்சுக்கும்."

"பொய் சொல்றவனைப் பிடிக்கறதா?"

"இல்லீங்கப்பா. பொய்யா நெசமான்னு இதுக்குத் தெரியாது. உறுத்துதா இல்லையா, அவ்வளவுதான். உறுத்தினா இங்க உங்க ரூம்புல நான் வெக்கப்போற பலகைல, மாட்டினவங்க வேலை செய்யற எடத்து விளக்கு எரியும். நீங்க போய் என்னன்னு கேக்கணும். தனியா, மெதுவாக் கேக்கணும். அதுதாங்கப்பா இதுல முக்கியம்."

முன்பாதி அவருக்குப் பிடித்திருந்தது. வாயால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. பின்பாதியை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனியாக, மெதுவாகக் கேட்பது அவருக்குக் கிசுகிசுவாகத் தோன்றியது. அவருக்கென்று அவள் நீட்டிய பட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டார். "பெரியகாட்டார் வீட்டு ஆம்பளைக்கு மிசின் வந்துதான் உறுத்தணுமா?" என்றார். அந்த வீட்டில் அந்தக் குரலுக்குப் பதில் பேசுகிற பழக்கம் யாருக்கும் இல்லை.

தொழிலாளிகள் எல்லோர் மணிக்கட்டிலும் ஏறிய முள் தொடக்கத்தில் நன்றாகவே வேலை செய்தது. கண்ணாடி பொருத்துகிறவன் மட்டமான பசையைக் கலந்திருந்தான். விளக்கு எரிந்தது, அவர் போய் நின்றதும் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். அந்த வண்டியின் கண்ணாடி அத்தனையையும் சென்னியப்பன் தம் செலவில் கழற்றி மாட்டினார். சேதி பரவியது. பெரியகாட்டார் வண்டியின் முதுகில் 'முள் பார்த்த வண்டி' என்று எழுதி வாங்கிப்போவதை முதலாளிகள் கௌரவமாக நினைத்தார்கள். வேலை இரட்டிப்பாயிற்று. மிசினே பார்த்துவிட்ட வண்டியில் நாம் உட்கார்ந்து பார்க்க என்ன இருக்கிறது என்று முதல் ஓட்டத்தை அவரே நிறுத்தினார்.

பலகையில் அடிக்கடி எரிந்த விளக்கு ஒன்றுதான். அது அவசரக் கதவு பொருத்தும் மரகதத்தின் விளக்கு.

மரகதம் முப்பதைத் தாண்டியவள். புருஷன் லாரி ஓட்டினான், இரண்டு பெண் குழந்தைகள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதுவும் அவளுக்கு உறுத்தியது. ரப்பர் விளிம்பு கொஞ்சம் காய்ந்திருந்தால் எரியும். திருகாணி ஒரு சுற்று குறைந்திருந்தால் எரியும். பக்கத்தில் வேலை செய்கிறவனை மேஸ்திரி திட்டும்போது தான் சும்மா இருந்துவிட்டோமே என்று நினைத்தாலும் எரியும். எரிந்தபோதெல்லாம் சென்னியப்பன் அறையை விட்டு இறங்கி வந்து, ஷெட்டின் வேலை முழுவதையும் நிறுத்தி, எல்லோர் முன்னிலையிலும் அவளை நிறுத்திக் கேட்டார்.

"என்ன உறுத்துது, சொல்லு."

ஒரு தடவை அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணுமில்லீங்கய்யா. இந்த உசரத்துல இருந்து வயசானவங்க குதிக்க முடியுமான்னு நெனச்சேனுங்க" என்றாள்.

ஷெட்டே சிரித்தது. "மரகதம் காத்தால எறும்பை மிதிச்சிருச்சு போல" என்றான் ஒருவன். அவளுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர் வந்தது. வேலை நிற்க நிற்க வண்டி தாமதமானது, தாமதம் கூடக் கூடச் சிரித்தவர்கள் முறைக்கத் தொடங்கினார்கள். அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வேறு நிழல் தேடிப் போனார்கள்.

வேலைக்காரரை வெளியே அனுப்புவது பெரியகாட்டார் குடும்பத்தில் கிடையாது. ஆகவே சென்னியப்பன் தம் மனதில் அதை ஒரு கருணையாகவே நினைத்து, அவளைச் சீட் உறை தைக்கும் பகுதிக்கு மாற்றினார். அங்கே உறுத்த என்ன இருக்கிறது? கதவுக்குக் குமரேசனைப் போட்டார். குமரேசன் வேலைக்கு வந்த நாள் முதல் அவன் விளக்கு ஒரு தடவைகூட எரிந்ததில்லை.

"கையும் சுத்தம், மனசும் சுத்தம்" என்றார் மகளிடம்.

"அவனுக்கு உறுத்தலைங்கப்பா. அது மட்டுந்தான் நமக்குத் தெரியும்" என்றாள் இளமதி.

"உறுத்தலைன்னா தப்பில்லைன்னுதானே அர்த்தம்?"

"மரத்துப்போன காலுல முள்ளு குத்தினாலும் தெரியாதுங்களே."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் எழுந்து போய்விட்டாள்.

மரகதத்துக்கு நடந்ததைப் பார்த்தவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளக்கு எரிந்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு உடம்புக்கும் தெரிந்துபோயிற்று. எரிந்தவர்கள் ஒவ்வொருவராக உறை தைக்கவும், தகரம் அடுக்கவும், பெயர் எழுதவும் போனார்கள். எரியாதவர்கள் வெல்டிங்குக்கும் பிரேக்குக்கும் கடைசிச் சோதனைக்கும் வந்தார்கள். பலகை மெல்ல மெல்ல இருண்டது. விருந்தாளிகள் வந்தால் சென்னியப்பன் அவர்களைத் தம் அறைக்கு அழைத்துப்போய் அந்தப் பலகையைக் காட்டுவார். "ஒரு விளக்கு எரியுதா பாருங்க" என்பார். அந்தக் கரும்பலகையின் முன்னால் அவர் நின்ற நிமிர்வை மூதாதையர் படத்தின் முன்னால்கூட யாரும் பார்த்ததில்லை.

அப்படியிருக்கையில்தான் சம்பந்தி தங்கவேலு மலைப்பாதைக்கென்று ஒரு பேட்டரி பஸ் கேட்டார். வண்டி முடிந்து, கதவைக் குமரேசன் திறந்து மூடிக் காட்டி, சோதனையும் ஆகிவிட்டது. வெளியேற இரண்டு நாள் இருக்கையில் சம்பந்தி வந்து உள்ளே ஒரு சுற்று நடந்தார்.

"பின்னாடி எடம் சும்மா கெடக்குதுங்களே சம்பந்தி. இன்னும் ஒரு வரிசை சீட்டு போட்டா என்னுங்க?" என்றார்.

மகளைக் கொடுத்த வீடு கேட்டதற்கு முடியாது என்று சொல்லும் நாக்கு சென்னியப்பனுக்கு இல்லை. "போட்டுருங்கப்பா" என்று பக்கத்தில் நின்ற ஆட்களிடம் ஒரு வார்த்தையில் முடித்தார். சீட் போட்டவன் சீட்டைப் போட்டான். அவனுக்குக் கதவு தெரியாது. கதவு குமரேசனுடையது, அது சோதனை முடிந்த கதவு. சோதிக்கிறவனும் அதை மறுபடி பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

வண்டி வெளியேறும் நாள். மாலை விழுந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் பட்டுச் சேலைகளோடும் தாம்பாளங்களோடும் வந்திருந்தார்கள். புதுச் சீட்டின் உறையில் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று யாரோ சொல்ல, மரகதம் ஊசியும் நூலுமாக உள்ளே ஏறினாள். தைத்து முடித்து நிமிர்ந்தவள், பழைய பழக்கத்தில் அவசரக் கதவின் சிவப்புப் பிடியை இழுத்துப் பார்த்திருக்கிறாள். பிடி பாதி தூரம் வந்து சீட்டின் இரும்புக் குழாயில் இடித்து நின்றது.

மலர்த்தட்டு எடுக்க அறைக்குப் போன சென்னியப்பன் பலகையைப் பார்த்தார். சீட் தையல் பகுதியில் ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனையோ மாதமாக எரியாத பலகை.

அவர் வெளியே வந்தபோது மரகதம் வண்டிப் படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். கேட்டால் அவள் சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். அவள் சொல்லப்போவது இந்த வண்டியைப் பற்றித்தான் என்பதும் தெரியும். பின்னால் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டு நின்றாள். முகப்பில் சம்பங்கி மணந்தது.

"அந்தப் பட்டையக் கழட்டிட்டு ஊட்டுக்குப் போ கண்ணு. இன்னைக்கு நல்ல நாள்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. முதன்முறையாக அவளிடம் தனியாகவும் மெதுவாகவும் பேசினார்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மழைக்காலம் தொடங்கியபோது மலைப்பாதையில், பொழுது சாயும் நேரம், அந்த வண்டியின் அடியிலிருந்து புகை கிளம்பியது. மின்சாரம் அறுந்ததும் முன் கதவு இறுகிக்கொண்டது. ஓட்டுநரின் பக்கக் கதவு வழியாகச் சிலர் குதித்தார்கள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். சிவப்புப் பிடி பாதி வரை வந்தது. பதினோரு பேர். கண்டெடுத்தபோது நான்கு கைகள் அந்தப் பிடியின் மேலேயே இருந்ததாகச் சொன்னார்கள்.

இளமதி பலகையின் பழைய பதிவுகளைப் புரட்டிவிட்டு அப்பாவின் அறைக்கு வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"வண்டி போன அன்னைக்கு சீட் பக்கம் ஒரு விளக்கு எரிஞ்சிருக்குதுங்கப்பா. நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலை" என்றார் சென்னியப்பன்.

அவர் கையில்தான் முள் இல்லையே. அவள் அவர் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுப் போனாள்.

விசாரணைக் குழு பட்டறைக்கே வந்தது. அன்றைக்கு முந்திய இரவெல்லாம் அவருக்கு ஒரே நினைவுதான். செத்தவர்களை நினைக்காமலில்லை, நினைத்தார். ஆனால் அதைவிட, பெரியகாட்டார் பெயரைக் கோர்ட்டில் கூப்பிட்டு, பதினோரு உயிருக்கு இவர்தான் என்று யாரோ எழுந்து நின்று சொல்வது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வக்கீல் தைரியம் சொன்னார். "முள் மாட்டின பட்டறைல சட்டம் ஒண்ணைத்தானுங்க பாக்கும். தெரிஞ்சு செஞ்சாங்களா? யாருக்கும் உறுத்தலைன்னா யாருக்கும் தெரியலைன்னு அர்த்தம். தெரியாம நடந்தது விபத்து. அந்த ஒரு விளக்குக்கு மட்டும் பதில் வேணும். அந்தப் பொண்ணு என்ன சொல்லும்?"

என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியும். ஆள் அனுப்பி அவளிடம் பேசலாம் என்று வக்கீல் சொன்னபோது வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அப்படியொரு காரியத்தை அந்தக் குடும்பம் செய்ததில்லை. தலை போனாலும் நேராகப் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

சாட்சி சொல்கிறவர்கள் முள் அணிந்துகொண்டு சொல்ல வேண்டும். குமரேசன் வந்தான். நான் பார்த்தபோது திறந்தது என்றான். விளக்கு எரியவில்லை. சீட் போட்டவன் வந்தான். போடச் சொன்னார்கள், போட்டேன் என்றான். எரியவில்லை. மரகதம் வந்து உட்கார்ந்தாள். பட்டையை மாட்டினார்கள். சென்னியப்பன் அந்த மிளகளவு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த வார்த்தையைச் சொன்னாலும் அவளுக்கு அது எரியும். நிஜத்தைச் சொன்னாலும் காட்டிக்கொடுக்கிறோமே என்று எரியும். அவளை அவருக்குத் தெரியும்.

"அன்னைக்கு உங்க விளக்கு எரிஞ்சிருக்கும்மா. என்ன உறுத்துச்சு?" என்றார் அதிகாரி.

"தையல் கோணலாப் போயிருச்சுங்க. பிரிச்சுத் தைக்க நேரமில்லை. மடிச்சு உள்ள விட்டுட்டேன். நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பண்ணிட்டமேன்னு இருந்துச்சுங்க."

"கதவை நீங்க தொடவே இல்லையா?"

"இல்லீங்க."

விளக்கு எரியவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவளுடைய பழைய பதிவுகளை அவர் முன்பே பார்த்திருந்தார். எறும்புக்கும் எரிகிற பெண் என்று அதில் தெளிவாக இருந்தது. இவ்வளவு மெல்லிய மனசுக்காரியே சும்மா இருக்கிறாள் என்றால் வேறு என்ன சாட்சி வேண்டும்? யாரும் அறியாமல் நேர்ந்த வடிவமைப்புக் குறை என்று முடிவாயிற்று. வக்கீல் சென்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியகாட்டார் பெயருக்கு ஒரு கீறல் இல்லை.

வண்டி நிறுத்தும் கொட்டகையில் மரகதம் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவர் போய் நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல், "ஏன் கண்ணு?" என்றார்.

"நீங்க கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேனுங்கய்யா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "கேக்கலை. செத்துப்போன சேதி வந்த அன்னைக்கு எரிஞ்சேன். ஒடம்பெல்லாம் எரிஞ்சேனுங்க. பட்டை கையில இல்லை, அதனால யாருக்கும் தெரியலை. அதுக்கப்புறம் ஒண்ணும் இல்லீங்கய்யா. என் பொண்ணு கீழ விழுந்து அழறப்பகூட அழறான்னுதான் தெரியுது."

அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னைக் கதவுப் பக்கமே போட்டுருங்கய்யா. எனக்கு அந்த வேலைதான் நல்லா வரும். இனி விளக்கு எரியாதுங்க. உங்களுக்கும் தொந்தரவு இல்லை."

அவள் காப்பாற்றிக் கொடுத்த பெயரோடு அவர் நின்றுகொண்டிருந்தார். முடியாது என்று எப்படிச் சொல்வார்? மறுநாளே மாற்றிவிட்டார். ஷெட்டில் யாரும் அவளைத் தொட்டாச்சிணுங்கி என்று கூப்பிடவில்லை. அவளோடு மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கொஞ்ச காலம் போனதும் சம்பந்தி வந்து இன்னொரு வண்டி கேட்டார். ஊர் வாயை அடைக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. "இந்தத் தடவை பழையபடி முதல் ஓட்டம் வெச்சுருங்க சம்பந்தி. உங்க ஊட்டுப் பிள்ளைக ஏறிப் போறதைச் சனம் பாக்கட்டும்" என்றார். சென்னியப்பன் ஒத்துக்கொண்டார். அது அவர் குடும்பத்து வழக்கம்தானே.

அன்று காலை அவர் பலகையின் முன்னால் நின்றார். கரிய பலகை. முன்பெல்லாம் அதில் தம் பட்டறையைப் பார்ப்பார். இப்போது எவ்வளவு உற்றுப் பார்த்தும் அதில் எதுவும் தெரியவில்லை. கதவு சரியாக இருப்பதால் எரியவில்லையா, எரிய வேண்டியது எரியவில்லையா என்று சொல்ல அந்தப் பட்டறையில் இனி ஆள் இல்லை. இறங்கிப்போய் ஒரு தடவை தாமே பிடியை இழுத்துப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார். வெளியே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. அவர் போய்ச் சேர்வதற்குள் தங்கவேலு முந்திக்கொண்டு மாலையைச் சாத்திவிட்டார்.

குடும்பம் ஏறியது. இளமதியின் மகள் தாரணி சன்னல் ஓரம்தான் வேண்டும் என்று ஓடிப்போய் அவசரக் கதவை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சிவப்புப் பிடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

கீழே தொழிலாளிகள் வரிசையாக நின்றார்கள். மரகதம் கைகூப்பி நின்றாள். அவர் அவள் முகத்தில் தேடினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தாள், அவ்வளவுதான். ஒரு சொல், கதவு திறக்குமா என்று ஒரே ஒரு சொல் அவர் தொண்டை வரை வந்தது.

"ஏதோ சொல்ல வந்தீங்க போல சம்பந்தி?" என்றார் முன் சீட்டிலிருந்து திரும்பிய தங்கவேலு.

இளமதி தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. வண்டி நல்லா வந்திருக்குது" என்றார் சென்னியப்பன்.

சக்கரத்தின் கீழ் எலுமிச்சை நசுங்கியது. வண்டி நகரத் தொடங்கியதும் அவர் பிடியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். சன்னலுக்கு வெளியே வரிசை முழுவதும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டிய கையைத் திருப்பி, மாலை மணத்தோடு உள்ளே வந்த காற்றில் பறந்த பேத்தியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, மடியில் வைத்துக்கொண்டார்.